கூலி கொணர்வோன் கூலி

ஒருவனுக்கு ஊதியம் கொடுத்தல் ஒரே செயல் போலத் தோன்றினும், ஆராயுங்கால் அஃது இரண்டு செயல்களாதல் புலப்படும். இன்ன தொகை இவனுக்கு உரியது என்று தீர்மானித்தல் ஒன்று. தீர்மானித்த தொகையை அவன் கையிற் சேர்ப்பித்தல் மற்றொன்று. முன்னதை அவையில் அமர்ந்த சான்றோர் செய்வர். அதனை வரலாற்று நூல்களும் விரித்துரைக்கும். பின்னதைச் செய்வோன் பேர் அறியப்படாத ஒரு முகவன். அவனைப்பற்றி எழுதுவார் அரியர். 'சாமி வரங் கொடுத்தாலும் பூசாரி வரங் கொடான்' என்னும் பழமொழி ஒன்றே நம் நாட்டார் அவனுக்கு எடுத்த நினைவுக்கல் போலும்! பூசாரியைப் பழிக்கும் அம்மொழி, அவனுக்குப் படியளப்பவர் யாவர் என்று மட்டும் கேட்டிலது. அக்கேள்வியைக் கேட்டு, என் சிற்றறிவிற்கு எட்டிய விடையைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு எடுத்துக்காட்டாக யான் கொண்டது, அமெரிக்க ஐக்கிய நாடுகள் பிறந்த காலத்தில், போர்வீரருக்குரிய சம்பளச் சீட்டுக்களைக் கொண்டு சேர்த்த முகவர்தம் வரலாறு.

அமெரிக்கக் குடியேற்றங்கள் பதின்மூன்றும் 1775-ஆம் ஆண்டில் ஆங்கில அரசை எதிர்த்துப் போர் தொடங்கியபோது, அவற்றின் பொதுச் சபையாகிய காங்கிரஸ் வரி விதிக்கும் அதிகாரம் இல்லாதிருந்தது. வரி இல்லையேல் பொருள் இல்லை. பொருள் இல்லையேல் படை இல்லை. ஆதலின் அச்சபையார் காகிதப் பணம் அச்சிடத் தொடங்கினர். 1779-ஆம் ஆண்டின் இறுதிக்குள் அது சற்றேறக்குறைய 20 கோடி டாலர் அளவுக்குப் பெருகிற்று. பெருகப் பெருக அதன் மதிப்பும் தேய்ந்தது. 1780 மார்ச்சு மாதத்தில், நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலரே ஈடு என்று காங்கிரஸே ஒப்புக்கொள்ளும் நிலை வந்துற்றது. சாதாரணப் போர்வீரன் ஒருவனுக்கு மாதச் சம்பளம் 6⅔ டாலர். ஆண்டொன்றுக்கு 80 டாலர். ஏட்டளவில் இஃது ஏழைக்குப் போதும் எனத் தோன்றலாம். ஆனால் அச்சம்பளம் மதிப்பிழந்த தாளாக வந்த மாதங்களும் பல. அதுவும் வாராதொழிந்த மாதங்களும் பல. 1781 ஜனவரி முதல் நாளில் பென்சில்வேனியப் படையினர் தம் பாசறையிலிருந்து கிளர்ந்தெழுந்தமைக்குச் சம்பளப் பாக்கியும் ஒரு பெருங் காரணமாயிருந்தது.

யார்க்டவுனில் ஆங்கிலப் படை 1781 அக்டோபர் 19-ஆம் நாள் சரணடைந்தது. வெற்றி வந்தது, சம்பளம் வரவில்லை. 1783 மார்ச்சு மாதத்தில் நியூபர்க் என்னும் பாசறையிலிருந்த படைத்தலைவர்கள், தமக்குரியதைப் பெறாமல் கலைந்து போவதோ என்று மனங்கொதித்து, காங்கிரஸுக்கு எதிராகவே எழுவார்போல் நின்றனர். ஜார்ஜ் வாஷிங்டன் நேரில் வந்து பேசி அக்கொதிப்பை ஆற்றினார். ஆற்றியது சொல்லே, பொருளன்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வீரர் பெரும்பாலாரை விடுமுறை என்னும் பெயரால் வீட்டுக்கு அனுப்பினர். மூன்று மாதச் சம்பளமாவது தரலாமென்று நிதித்துறைத் தலைவர் ராபர்ட் மாரிஸ் தம் கைச்சாத்திட்ட சீட்டுக்களை ஆயத்தம் செய்தார். அவை பாசறை சேருமுன்னரே வீரருட் பெரும்பாலார் வெறுங்கையராய்ப் புறப்பட்டுவிட்டனர். அவர்தம் துப்பாக்கி அவர்க்கே உரியதென விடப்பட்டது. அவர் கைக்கொண்டு சென்ற செல்வம் அஃதொன்றே எனலாம்.

இங்ஙனம் கலைந்துபோன படைக்குக் கணக்குத் தீர்க்கும் பொறுப்பு, படைச் சம்பளத் தலைவராயிருந்த ஜான் பியர்ஸ் என்பாரைச் சார்ந்தது. 1783 ஜூலை 4-ஆம் நாள் காங்கிரஸ் செய்த தீர்மானத்தின்படி அவர் ஒவ்வொருவர் கணக்கையும் ஆராய்ந்து, நாடு அவருக்குப் பட்டிருக்கும் கடன் இவ்வளவு என்று சான்றுச்சீட்டு எழுதலாயினர். அச்சீட்டுக்கு நூற்றுக்கு ஆறு வட்டி. படைத்தலைவர்களுக்கு வாழ்நாள் முழுதும் அரைச் சம்பளம் தருவதாக முன்னர் வாக்களித்திருந்ததற்கு ஈடாக, ஐந்தாண்டு முழுச் சம்பளம் தருவதென்று முடிவாகியிருந்தது. அத்தொகையும் இத்தகைய சீட்டாகவே வழங்கப்பட்டது. இவ்வாறு வெளிவந்த சீட்டுக்கள் 93,000-க்கு மேற்பட்டன. அவற்றின் மொத்தத் தொகை ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டாலர். அவர் எழுதிய பதிவேடு பின்னர் அச்சேறி இன்றும் ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படுகின்றது.

சீட்டு எழுதியாயிற்று. அதைப் பெறவேண்டியவன் எங்கே? போர் நடந்த காலத்தில் ஒவ்வொரு படைப்பிரிவிலும் சம்பளம் பங்கிடுதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். அவர் எதிரே வீரர் வரிசையாக நின்று பெற்றுச் செல்வர். படை கலைந்தபின்னரோ வரிசையும் இல்லை, அவ்வதிகாரியும் இல்லை. ஒருவன் மாசச்சூசெட்ஸின் வடகோடிக் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருப்பான். மற்றொருவன் ஜார்ஜியாவின் சதுப்பு நிலத்தருகே குத்தகைக்கு உழுதுகொண்டிருப்பான். ஆதலின், அந்தந்த இராச்சியத்துப் படைப்பிரிவுகட்கென்று முகவர் அமர்ந்து, பியர்ஸின் அலுவலகத்தினின்று சீட்டுக்களை மொத்தமாகப் பெற்று, உரியவரிடம் சேர்க்கலாயினர்.

இம்முகவர் பணி எத்தகையது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். இருப்புப் பாதையும் தந்தியும் தோன்றாத காலம் அது. சீட்டுக் கட்டைப் பையிலிட்டுக் குதிரையேறிச் செல்லல் வேண்டும். ஊரறிந்து பேரறிந்து ஆளைத் தேடுதல் வேண்டும். ஒரே பெயருடையார் இருவர் வந்து நிற்பாராயின், உண்மையாளன் எவன் எனத் துணிதல் வேண்டும். ஆள் இறந்திருப்பின் மனைவி யார், மக்கள் யாவர் எனக் கேட்டறிதல் வேண்டும். எழுத்தறியாதான் கீறலைச் சாட்சியோடு வாங்கல் வேண்டும். வாராதவன் சீட்டை எலிக்கும் திருடனுக்கும் தப்பப் பேணல் வேண்டும். இவற்றிற்கெல்லாம் கணக்கு எழுதித் தலைமை அலுவலகத்திற்கு விடை கூறுதலும் வேண்டும். வழியில் அவனும் உண்ண வேண்டும். அவன் குதிரையும் தின்ன வேண்டும். சத்திரக்காரன் நாட்டுப்பற்றை வாங்கிக்கொண்டு படுக்க இடந்தரான். எனவே இப்பணிக்குச் செலவு உண்டு என்பதில் ஐயமில்லை. அச்செலவை ஏற்கவேண்டிய பணப்பை எது என்பதே வினா.

பணப்பைகள் மூன்று உள. ஒன்று வீரனுடையது, ஒன்று முகவனுடையது, ஒன்று நாட்டினுடையது. இவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம்.

முதலாவது, வீரனுடைய பை. 'நன்மை பெறுபவன் அவனே. ஆதலின் தரகும் அவனே கொடுக்கட்டும். நூற்றுக்கு ஐந்து பெரிதன்றே!' என்று சிலர் கூறக்கூடும். கேட்பதற்கு இது நேர்மையாகவே தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும். அந்நாளில் இச்சீட்டுக்கள் கடைத்தெருவில் பவுனுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் வரையில் விலை தாழ்ந்தன. அதாவது எட்டில் ஒரு பங்கு. ஓராண்டுச் சம்பளமாகிய 80 டாலருக்குரிய சீட்டை விற்கப்போனவன் பெற்றது 10 டாலரே. முகவனுக்குச் சீட்டின் முகமதிப்பில் நூற்றுக்கு ஐந்து என்று வைப்பின், 80-க்கு 4 டாலர் ஆகும். அந்த 4 டாலரை வீரன் எதிலிருந்து கொடுப்பான்? கையில் வந்த 10 டாலரிலிருந்தன்றோ! நூற்றுக்கு ஐந்து என்று ஏட்டில் எழுதியது, ஏழையின் உள்ளங்கையில் நூற்றுக்கு நாற்பதாக மாறிவிட்டது. கடன் கொடுத்தவன் கடனாளி வீடு தேடிச்சென்று வாங்குவதே இழிவு. கடனாளி அனுப்பிய தூதனுக்கும் கடன் கொடுத்தவனே வண்டிச்சத்தம் கொடுத்தல் எந்நாட்டு நீதி? அவ்வீரன் எட்டாண்டுப் போரில் நாட்டுக்குக் கொடுத்தது தன் உழைப்பாகிய கடன். அதைத் திருப்பித் தரும் செலவு, வாங்கியவன் செலவே.

இரண்டாவது, முகவனுடைய பை. 'இவர்கள் பெரும்பாலும் அப்படையிலேயே பணிபுரிந்தோர். தோழர்க்குச் செய்யும் தொண்டுக்குக் கூலி கேட்பது தகுமோ?' என்பது இப்பக்கத்தார் வாதம். தொண்டின் பெருமையை யான் மறுக்கவில்லை. ஆயினும் வாஷிங்டன் செய்ததைக் காண்மின். 1775 ஜூன் மாதத்தில் படைத் தலைமையை ஏற்றபோது அவர் தமக்குச் சம்பளம் வேண்டா என்று கூறினார். ஆனால் தம் செலவுக்குச் சரியான கணக்கு வைப்பதாகவும், அதைக் காங்கிரஸ் கொடுத்தால் போதுமெனவும் அப்பொழுதே சொன்னார். அவ்வாறே கணக்கு வைத்து 1783-இல் அதனைச் செலுத்தி, அத்தொகையைப் பெற்றார். இதனால் அவர் புகழ் குறைந்ததோ? இல்லை. பெருஞ் செல்வராகிய படைத்தலைவர்க்கே கைப்பொருட் செலவு திரும்பத் தரப்பட்டதாயின், சில நூறு பேருக்குச் சீட்டுச் சுமந்து சென்ற சிறு முகவனுக்கு மட்டும் 'தொண்டு செய்க' என்று உபதேசம் செய்தல் முறையாகுமோ? சம்பளம் கிட்டாத கொடுமையைத் தானும் பட்டறிந்தவன் அவன். அக்கொடுமையை நீக்கும் பணியிலும் அவனுக்கே சம்பளம் இல்லையென்றால், காயத்திற்குக் கட்டுக் கட்ட வந்தவனையும் காயப்படுத்தியதாக முடியும்.

அன்றியும் இதில் வேறோர் ஆபத்தும் மறைந்துளது. 'தேன் எடுத்தவன் புறங்கையை நக்கானோ?' என்பர் நம்மவர். இப்பழமொழியை நாம் ஏதோ இயற்கை நியதிபோல் எடுத்தாண்டு, நக்கியவனை நகைத்து விட்டுவிடுகின்றோம். அவனைத் தேனெடுக்க அனுப்பியவர் அவனுக்கு ஒருபிடி சோறும் இடாமல் அனுப்பினரா என்று கேட்பதில்லை. கூலியின்றி அனுப்பப்பட்ட முகவன் முன் இரண்டு வழிகளே உள. நல்லவனாயின் தன் நிலத்தை அடகு வைத்துத் தோழர்க்குத் தொண்டு செய்வான். சில திங்களில் ஓய்ந்து போவான். எஞ்சிய சீட்டுக்கள் அவன் பெட்டியிலே உறங்கும். நல்லவனல்லனாயின் அவன் கண் சீட்டின்மேலேயே விழும். எவனுக்கு எவ்வளவு வரவேண்டும் என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே, பெறவேண்டியவனோ அறியான். 'நாடு திவாலாயிற்று, இத்தாள் அடுப்பெரிக்கத்தான் உதவும், நான் பரிந்து ஐந்து டாலர் தருகிறேன், வைத்துக்கொள்' என்று சொல்ல எத்துணை நேரமாகும்? ஆகவே, முகவனுக்குக் கூலி மறுத்தல் சிக்கனம்போற் காணினும், அஃது ஏழையின் பொட்டலத்தை அவிழ்த்து அவனெதிரே வைப்பதாகும்.

எஞ்சியது மூன்றாவது பை, நாட்டின் பை. அதுவே இச்செலவைத் தாங்கத்தக்கது என்பது என் துணிபு. கடன் என்பது, பெறவேண்டியவன் கையிற் சேர்ந்தபின்னரே தீர்ந்த கடன். அலுவலக மேசையின்மேல் கையொப்பமிட்ட அளவில் அது தீர்வதில்லை. ஆதலின் மேசையிலிருந்து கைவரை உள்ள வழிச்செலவு கடனின் ஒரு பகுதியே. 80 டாலர் கடன்பட்ட நாடு, உண்மையில் 80 டாலரும் அதைக் கொண்டுசெல்லும் கூலியும் கடன்பட்டுள்ளது.

இதற்கு எழக்கூடிய தடைகள் மூன்று. 'கருவூலம் வறண்டிருந்தது; கொடுக்க எங்கே பணம்?' என்பது முதல் தடை. உண்மை; காங்கிரஸ் அக்காலத்தில் பெரிதும் வறுமையுற்றிருந்தது. ஆனால் காசு இன்மையால் வீரனுக்குச் சீட்டெழுதிக் கொடுத்தவர், முகவனுக்கும் அத்தகைய சீட்டொன்று எழுதித் தர இயலாதோ? இன்று கொடுக்க இயலாமை வேறு. கொடுக்கக் கடமையில்லை என்பது வேறு. வறியவன் முன்னதைக் கூறலாம். பின்னதைக் கூறுதல் ஒருவர்க்கும் ஆகாது.

'கூலி என்று ஒன்றை வைத்தால் முகவர் அதனையே குறியாகக் கொள்வர்' என்பது இரண்டாம் தடை. இதற்கு விடை, கூலியைக் கணிக்கும் முறையில் உள்ளது. தொகைக்கு இத்தனை வீதம் என்று வைப்பின், பெருந்தொகைக்குரிய படைத்தலைவர் வீட்டுக்கு முகவன் முதலில் ஓடுவான். தொலைவிலுள்ள எளிய வீரனை மறப்பான். ஐந்தாண்டுச் சம்பளச் சீட்டு ஒன்றைத் தருவதால் வரும் தரகு, பல வீரர்க்குச் சீட்டுத் தருவதால் வருவதினும் மிகுமன்றோ? ஆகவே, ஆள் ஒன்றுக்கு இவ்வளவு, தொலைவுக்கு இவ்வளவு என்று வரையறுத்தல் வேண்டும். அதுவும் சீட்டைப் பெற்றுக்கொண்டமைக்குரிய ஒப்புச்சீட்டைக் காட்டிய பின்னரே கொடுக்கப்படல் வேண்டும். சுமந்ததற்கன்று, சேர்த்ததற்கே கூலி என்றால், முகவனின் நலமும் வீரனின் நலமும் ஒரே வழியிற் செல்லும்.

'கூலி கொடுத்தாலும் வஞ்சகன் வஞ்சிப்பான்' என்பது மூன்றாம் தடை. ஆம், வஞ்சிப்பான். அதனாலேயே கூலியோடு காவலும் வேண்டும் என்கிறேன். சீட்டைக் கொண்டு செல்பவன் அதை விலைக்கு வாங்கலாகாது. தன் உறவினர் பெயராலும் வாங்கலாகாது. இஃது யான் புதிதாகப் புனைந்த விதியன்று. 1789 செப்டம்பர் 2-ஆம் நாள் அமெரிக்கக் கருவூலத்துறையை ஏற்படுத்திய சட்டமே, அத்துறை அதிகாரிகள் அரசாங்கக் கடன் பத்திரங்களை நேராகவோ மறைவாகவோ வாங்குதலும் விற்றலும் கூடாவென்று விலக்கி, மீறினார்க்கு 3,000 டாலர் தண்டமும் விதித்தது. பத்திரத்தின் உள்மதிப்பை அறிந்தவன் அதை அறியாதவனிடம் வாங்குதல் வாணிகமன்று என்பதை அச்சட்டம் செய்தோர் உணர்ந்திருந்தனர். மேசையருகே இருப்போனுக்குத் தக்கதாகிய விதி, வழிநடக்கும் முகவனுக்கும் தக்கதே.

நிற்க. ஊதியம் வழியிலே பறிபோகாவண்ணம் அரசு முயன்றால் தடுக்கக்கூடுமா என்று ஐயுறுவார்க்கு 1790-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றை எடுத்துரைப்பேன். வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினாப் படையினர்க்கு 1782, 1783 ஆண்டுகளின் சம்பளப் பாக்கி நின்றிருந்தது. அதனைக் கொடுப்பதற்கு 1789 செப்டம்பர் 29-ஆம் நாள் காங்கிரஸ் பொருள் ஒதுக்கிற்று. ஒதுக்கிய செய்தி அவ்வீரரை எட்டுமுன்னர், அவர்தம் பெயரும் தொகையும் அடங்கிய பட்டியல் எவ்வாறோ ஊகவணிகர் கையிற் சிக்கியது. அவ்வணிகரின் ஆட்கள் ஊரூராகச் சென்று, ஒன்றுமறியாத வீரரிடம் அற்ப விலைக்கு அவர்தம் உரிமையை எழுதி வாங்கலாயினர். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமற் போயிற்று.

இச்செய்தி வெளிப்பட்டபின் காங்கிரஸ் தீர்மானங்கள் செய்தது. பெறவேண்டியோர் பட்டியலை, அவரவர்க்குரிய தொகையோடு, அந்தந்த இராச்சியத்து ஆட்சித்தலைவர்க்கு அனுப்பி, எல்லாரும் அறியப் பறைசாற்றல் வேண்டும். பணத்தை அந்தந்த இராச்சியத்திலேயே கொடுத்தல் வேண்டும். வீரன் நேரில் வாரானாயின், அவன் வாழும் வட்டத்து நீதிபதிகள் இருவர் சான்றிட்டு, தொகை இன்னதென்று குறித்த அதிகாரப் பத்திரத்தோடு வருபவனுக்கே கொடுத்தல் வேண்டும் என்பன அவை. கருவூலச் செயலாளராகிய அலெக்ஸாண்டர் ஹாமில்டன், இவை முன்னரே விலைகொடுத்து வாங்கியோர் உரிமையைக் கெடுக்கும் என்று தடை கூறினார். தாமஸ் ஜெபர்சன், தீர்மானங்களை ஏற்கலாம் என்று கருத்துரைத்தார். வாஷிங்டன் ஜூன் மாதத்தில் ஒப்பமிட்டார்.

இத்தீர்மானங்களில் நான் காண்பது யாதெனில், ஏழையின் ஊதியத்தைக் காத்தற்கு வேண்டுவன மூன்றே: தனக்கு வரவேண்டியது இவ்வளவென அவன் அறிதல், அது அவன் ஊர்க்கருகே வந்து சேர்தல், இடையில் நிற்போனது அதிகாரத்துக்கு எல்லை வகுத்தல். இம்மூன்றும் அரும்பெரும் வித்தைகளல்ல. 1783-இலேயே செய்திருக்கக்கூடியவை. செய்திருப்பின் எத்துணைச் சீட்டுக்கள் உரியவர் பெட்டியிலேயே தங்கியிருக்கும்!

தங்காமையால் நேர்ந்த தீங்கை அதே 1790-ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஜனவரியில் ஹாமில்டன், பழைய சீட்டுக்களையெல்லாம் முழுமதிப்புக்கு ஏற்றுப் புதுக் கடன் பத்திரமாக மாற்றித் தரலாம் என்றும், இப்போது சீட்டை வைத்திருப்பவர்க்கே அதைத் தரவேண்டும் என்றும் அறிக்கை விடுத்தார். ஜேம்ஸ் மாடிசன் எழுந்து, இப்போது வைத்திருப்பவர்க்குச் சந்தையின் உயர்ந்த விலையைக் கொடுத்து, எஞ்சியதை முதலிற் பெற்ற வீரர்க்குக் கொடுப்போம் என்று வாதாடினார். பிப்ரவரி 22-ஆம் நாள் வாக்கெடுக்கப்பட்டபோது மாடிசன் பக்கம் 13 பேரும், எதிர்ப்பக்கம் 36 பேரும் நின்றனர். ஆகஸ்ட் 4-ஆம் நாள் கடனேற்புச் சட்டம் நிறைவேறிற்று. எட்டில் ஒரு பங்குக்கு வாங்கியவர் முழுமதிப்புக்கு உரியவராயினர். விற்றவர் அச்செய்தியைக் கேட்டுப் பெருமூச்செறிந்தனர்.

இவ்விருவர் வாதத்திலும் பொருள் உண்டு. எழுதிக் கொடுத்த பத்திரத்தை ஏந்தி வந்தவனுக்குக் கொடாவிடின் நாட்டின் வாக்கை எவர் நம்புவர் என்னும் ஹாமில்டன் கூற்றும் மறுக்கொணாதது. குருதி சிந்தியவன் வெறுங்கையனாக, அவனிடம் தாளை வாங்கியவன் செல்வனாதல் அறமோ என்னும் மாடிசன் கூற்றும் நெஞ்சைத் தைப்பது. ஆனால் இருவரும் வாதாடியது வெள்ளம் வடிந்த பின்னர். அணை உடைந்தது அதற்கு ஏழாண்டுகட்கு முன்னர், சீட்டு மேசையினின்று வீரன் கைக்குச் செல்லும் வழியில். சீட்டைச் சேர்ப்பவன் தக்க கூலி பெற்ற நன்முகவனாயிருந்து, 'அப்பா, இது நாட்டின் கடன். நூற்றுக்கு ஆறு வட்டியுடையது. இயன்றவரை விற்காதே' என்று ஒரு சொல் சொல்லியிருப்பின், எல்லாரும் இல்லாவிடினும் சிலரேனும் அதைக் காத்திருப்பர். பசித்தவன் விற்றே தீர்வான் என்பது மெய். ஆயினும் பசியால் விற்றல் வேறு, அறியாமையால் விற்றல் வேறு. பசியை அன்றைய வறிய அரசு நீக்க இயலாது. அறியாமையை ஒரு முகவன் கூலியால் நீக்கியிருக்கலாம்.

கனெக்டிகட் இராச்சியத்து ஜோசப் பிளம் மார்ட்டின் என்பான், 1776-இல் பதினைந்து வயதுச் சிறுவனாகப் படையிற் சேர்ந்தவன். போர் முடியுந்துணையும் உழைத்தவன். யார்க்டவுன் முற்றுகையிலும் மண் தோண்டியவன். படை கலைந்தபோது, உடுக்க நல்லுடையின்றி ஊர்வழியே செல்ல நாணிய வீரர் பலர் தம் கணக்குத்தீர்வுச் சீட்டுக்களை விற்றனர் என்றும், தானும் அவ்வாறு விற்றதுண்டு என்றும் அவன் 1830-இல் வெளியிட்ட தன் வரலாற்றில் எழுதியுள்ளான். 1818-ஆம் ஆண்டுச் சட்டம், வறுமையுற்ற பழைய வீரர்க்கு மாதம் 8 டாலர் உதவிச் சம்பளம் தந்தது. அதனைத் தொடர்ந்து பெறுதற்காகத் தன் உடைமைகளைப் பட்டியலிட்டுக் காட்ட நேர்ந்தபோது, இரண்டு பசு, ஆறு ஆடு, ஒரு பன்றி என்பனவே அவன் செல்வத்துள் முதன்மையாயிருந்தன. நாடு விடுதலை பெற்றது. அவன் பெற்றது ஒரு சட்டையும் சில நாள் உணவும்.

மாணவ நண்பர்காள்! இக்கல்லூரியினின்று செல்லும் நம்முள் சிலர் நாளை அரசாங்க மேசைகளில் அமர்ந்து, இன்னார்க்கு இவ்வளவு என எழுதும் நிலையை அடைவர். வேறு சிலர் அதைக் கொண்டு சேர்க்கும் பணியை மேற்கொள்வர். எழுதுவோர் தம் கையொப்பத்தோடு கடமை முடிந்ததென எண்ணாதிருப்பாராக. சேர்ப்போர் தம் கூலியைக் கேட்க நாணாதிருப்பாராக; அதனினும் மிகுதியாக ஓர் அணுவும் கொள்ள அஞ்சுவாராக. கூலி கொணர்வோனுக்கு உரிய கூலியைத் தனியே அளந்து வைக்கும் நாட்டில்தான், கூலிக்காரனது பொட்டலம் அவிழாமல் அவன் வீடு வந்து சேரும்.